லேண்ட்ஃபால் என்ற சொல்

நவம்பர் 19, செவ்வாய்

மாலையில் வராந்தாவை இரண்டு முறை பெருக்கினேன். உப்பளக் காற்றில் தூசி அதிகம். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத பிஸ்கட் வாங்கினேன். கூடவே சர்க்கரை உள்ளதும் ஒரு பாக்கெட்.

ஐந்தரைக்குக் கஸ்பார் வந்தார். பாடம் தொடங்கி இது எட்டாவது வாரம். இத்தனை வருஷம் தோணி ஓட்டியவனுக்கு இப்போது எதற்கு இங்கிலீஷ் என்று அப்பா முதல் நாளே கேட்டார். “வானிலைச் செய்தி பூரா இங்கிலீஷ்லதான் வருது மாமா. ஆபீஸ் கிளார்க் படிச்சுச் சொல்லுதத நம்பி ஏழு பேரக் கூட்டிட்டுப் போறேன். நானே படிக்கணும்” என்றார். அப்பாவும் தோணித் தண்டலாக, தோணிக்கும் ஆட்களுக்கும் தலைவராக, இருந்தவர். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் இருபத்தாறு வருஷம் தோணி நடத்தியவர். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

இன்று போன வருஷத்து வானிலை அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு சொல்லில் நின்றுவிட்டார். லேண்ட்ஃபால். அவர் வாயில் அது “லேண்ட் பால்” என்று வந்தது. உள்ளேயிருந்து அப்பா, “எந்தப் பாலு? பாக்கெட் பால் வந்துட்டா?” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்து ஊதச் சொன்னேன். ஊதினார். அடுத்து அழுத்தம். இரண்டு சொல் சேர்ந்து ஒரு பெயர்ச்சொல் ஆகும்போது முதல் பாதியை அழுத்தி, இரண்டாவதைத் தணித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே கனத்தில் சொன்னால் அது ஒட்டாத இரண்டு சொல்லாகவே கேட்கும் என்றேன். நாற்காலிக் கையில் விரலால் தட்டிக் காட்டினேன். பலமாக ஒன்று, மெல்ல ஒன்று. அவரும் தட்டினார்.

“அர்த்தம்? நிலம் விழுறதா டீச்சர்?”

“இல்ல. புயல் கரையைக் கடக்கிறது.”

அகராதியைப் புரட்டினால் இன்னொரு பொருளும் இருக்கிறது. நெடுநாள் கடலில் போகிறவர்கள் முதன்முதலாக நிலத்தைப் பார்ப்பது, அதை அடைவது. படித்துக் காட்டினேன்.

“புயலுக்கும் எங்களுக்கும் ஒரே சொல்லா?” என்றார். “நாங்க கரை காணுறதுன்னு சொல்லுவோம்.”

தமிழில் புயல் கரையைக் கடக்கிறது, மனிதன் கரையைக் காண்கிறான். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். இது பள்ளியில் சொல்லத் தகுந்த செய்தி. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

பாடம். சனிக்கிழமை கஸ்பாரின் சரக்குத் தோணி ‘ராயப்பர்’ மாலத்தீவுக்குக் கிளம்புகிறது. வெங்காயம், காய்கறி, கொஞ்சம் சிமென்ட். திரும்பி வர மூன்று வாரம் ஆகலாம்.

எழுந்து போகும்போது கஸ்பார் ஒன்று கேட்டார். பதில் சொன்னேன். சரியான பதில்தான்.

அப்பாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

நவம்பர் 23, சனி

ஒன்பதாம் வகுப்புத் தேர்வுத்தாள் திருத்தினேன். கூட்டுப் பெயர்ச்சொற்களுக்குப் பொருள் கேட்டிருந்தேன். பட்டர்ஃப்ளைக்கு ஒருத்தி ‘வெண்ணெய் ஈ’ என்று எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி ஹவுஸ்வைஃபுக்கு ‘வீட்டின் மனைவி’. சிவப்பு மையால் சுழித்துவிட்டு, பிறகு யோசித்து அரை மதிப்பெண் போட்டேன்.

பதினொரு மணிக்குத் தோணி துறையை விட்டதாம். அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

பள்ளி முடிந்து வந்தால் பிலோமி வாசலில் நிற்கிறாள். கஸ்பாரின் தங்கை, இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாள். கஸ்பாரின் மனைவி இறந்து ஆறு வருஷம். அன்றிலிருந்து அவர் சாப்பிடுவது இவள் வீட்டில்தான். செல்போனை நீட்டினாள். தோணி ஆபீஸிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். குமரிக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு.

“டி.வி.ல கரைக்காரங்களுக்குத்தான் சொல்லுதாங்க டீச்சர். கடல்ல என்னன்னு யாரும் சொல்ல மாட்டேங்காங்க. இதுல என்ன போட்டிருக்கு?”

படித்துச் சொன்னேன். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் காற்று, கடல் கொந்தளிப்பு, மீனவர்கள் போக வேண்டாம். “அண்ணன் போயிட்டாரே” என்றாள். போன வாரமே போனவர்களுக்கு அறிக்கையில் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா ஒரு தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். “இன்னிக்குச் சாயங்காலம் இங்க இருப்பான்” என்று ஒரு புள்ளி வைத்தார். அந்தத் தாளை நான் எடுத்து அகராதிக்குள் வைத்தேன், பறந்துவிடக் கூடாது என்று.

நவம்பர் 26, செவ்வாய்

பள்ளிக்கு விடுமுறை. பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸுக்கு வரும் அறிக்கைகளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நான் தமிழில் எழுதித் தர, கோவில் ஒலிபெருக்கியில் வாசிக்கலாம் என்று ஏற்பாடு. ஐந்து முறை எழுதினேன். ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் வந்தது. லேண்ட்ஃபால் இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம், இன்னும் உறுதியில்லை. மணப்பாடு என்றார்கள். பிறகு கன்னியாகுமரி என்றார்கள்.

மழை நிற்கவில்லை. இன்று செவ்வாய் என்பது ஐந்தரை மணிக்குத்தான் நினைவு வந்தது.

நவம்பர் 27, புதன்

காலை ஒன்பது மணி அறிக்கை: புயல் வலுத்துவிட்டது, மேற்கு நோக்கி நகர்கிறது, தமிழகக் கரையில் லேண்ட்ஃபால் இல்லை.

“புயல் நம் கரையைக் கடக்காது” என்று எழுதிக் கொடுத்தேன். சாமியார் வாசித்ததும் தெருவில் கைதட்டினார்கள். டீக்கடை ஷட்டரைத் தூக்கினார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர், “டீச்சர், நல்ல சேதி எழுதிக் குடுத்தீங்க!” என்று கத்தினார். எனக்கும் ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்மையை எழுத வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

பிலோமி குடைகூட இல்லாமல் ஓடி வந்தாள்.

“கரைக்கு வராதுன்னா அது எங்க போவும் டீச்சர்?”

அப்பா தன் தாளைக் கேட்டார். அகராதியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் புயலுக்கு ஒரு கோடு போட்டார். இரண்டு கோடும் எங்கே சேர்கின்றன என்று மூவரும் பார்த்தோம்.

கஸ்பாரிடம் சொல்லின் அமைப்பைப் பற்றி அவ்வளவு பேசினேன். அந்தச் சொல்லே இல்லாமல் போனால் என்ன பொருள் என்று ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

‘ராயப்பர்’ புதன்கிழமையே மாலத்தீவின் மாலே துறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அங்குள்ள ஏஜெண்டிடம் ஆபீஸில் பேசிவிட்டார்கள். வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை.

பிலோமியுடன் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். காணாமல் போனவர்களின் பெயர் எழுதுகிறார்கள். தோணியில் சமையல் செய்யும் சூசை அண்ணனின் மனைவி மரியபுஷ்பம் எங்களுக்கு முன்னால் நின்றாள். நின்றபடியே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தது. பிலோமி கஸ்பாரின் பெயர், வயது, அடையாளம் எல்லாம் சொன்னாள். இடது புருவத்தில் தழும்பு என்றாள்.

“வலது” என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“டீச்சர்.”

“உறவுமுறை கேட்டேம்மா.”

பிலோமி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அவர் தானாகவே ‘பக்கத்து வீடு’ என்று எழுதிக்கொண்டார். எங்கள் வீடு பக்கத்தில் இல்லை. திருத்தவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது பிலோமி கேட்டாள்: “தழும்பு வலது பக்கம்தானா டீச்சர்? கூடப் பொறந்த எனக்கே மறந்துபோச்சு பாருங்க.” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 30, சனி

துணி துவைத்தேன். காயவில்லை. அப்பாவுக்கு ரவைக் கஞ்சி.

அன்று கஸ்பார் கேட்டதை எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் அது என்னோடு போய்விடக் கூடாது.

வியாழக்கிழமை பாடம் முடிந்ததும் எழுந்து நின்று, “இந்தப் பயணம் முடிஞ்சு வந்ததும் உங்க அப்பாட்ட ஒரு விசயம் பேசணும்னு நினைக்கேன் டீச்சர். பேசலாமா?” என்றார். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். நான்காவது வாரத்திலிருந்தே தெரியும்.

“பாடத்துக்கு வாங்க. அதுக்கு மேல வேண்டாம். கடலுக்குப் போறவங்களக் கட்டிக்கிட்டு வாசலப் பாத்து உக்காந்திருக்க என்னால ஆகாது” என்றேன். முப்பத்தொன்பது வயதில், நன்கு யோசித்துத்தான் சொன்னேன். அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். தோணி வரத் தாமதமானால் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். எங்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். அவள்போல் இருக்க மாட்டேன் என்று பன்னிரண்டு வயதில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வந்தேன்.

அவர் கோபப்படவில்லை. “சரி டீச்சர். நோட்டக் கொண்டுபோகலாமா? போற வழில படிப்பேன்” என்றார். கொண்டுபோங்கள் என்றேன்.

ஒரு வாரமாக எங்கள் வீட்டு அடுப்பை நான் சரியாகத்தான் பற்றவைக்கிறேன். சாப்பிடத்தான் முடியவில்லை. கட்டிக்கொள்ளாமலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காத்திருங்கள், விழித்திருங்கள் என்று பிரசங்கம். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

இன்றும் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மினிக்காய்த் தீவுப் பக்கமிருந்து திரும்பிய விசைப்படகுக்காரர்கள் சிலர் கடலில் வெங்காய மூட்டைகள் மிதந்ததைப் பார்த்தார்களாம். ஒன்றிரண்டு அல்ல, வரிசையாக. சாக்கில் நம் ஊர் மண்டிப் பெயர். பிலோமி வந்து சொல்லிவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா மட்டும் நிமிர்ந்தார். “வரிசையாவா? தோணி ஒடஞ்சா மூட்டை செதறிப் போகும்ளா. வரிசையாப் போயிருக்குன்னா தள்ளிருக்கான். பாரத்தக் கொறைக்கத் தள்ளிருக்கான். புத்தியோட இருந்திருக்கான்.”

“அப்ப உயிரோட இருக்காரா மாமா?”

“தள்ளும்போது இருந்திருக்கான்” என்றார் அப்பா.

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தோசை சாப்பிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

பதினொன்றரை மணிக்குப் பள்ளிக்கு போன் வந்தது. தோணி ஆபீஸிலிருந்து. மாலே ஏஜெண்டின் கடிதம் கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டேனா என்று நினைவில்லை.

ஆபீஸ் நிறைய ஜனம். எட்டு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். கிளார்க் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்றார். புரிந்துதான் இருக்கும், வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. நான் உட்கார்ந்தேன். நாலு வரிதான். தோணி மூழ்கிவிட்டது. எட்டுப் பேரில் ஏழு பேர், மிதவையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தேதி மாலேக்கு வடக்கே ஒரு தீவில்... அடுத்து அந்தச் சொல் இருந்தது. அறிக்கைகளில் எத்தனையோ முறை படித்த சொல்தான். எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிக்க முடிந்தது.

தமிழில் எப்படிச் சொல்வது? கரை கடந்தார்கள் என்றா? கரை கண்டார்கள் என்றா? பின்னால் இருந்தவர்கள் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது.

“ஏழு பேர் கரை சேந்துட்டாங்க” என்றேன்.

ஆபீஸே அழுதது. பிலோமி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மரியபுஷ்பம் மட்டும் அழவில்லை. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்:

“எட்டுப் பேருல்லா போனாங்க டீச்சர்?”

ஆமாம் என்றேன். யார் இல்லை என்று கடிதத்தில் இல்லை. பெயர்கள் நாளை வரும் என்று இருந்தது. அதைச் சொன்னதும் அழுகை நின்றுபோயிற்று. எட்டு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ஆம், நானும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

பெயர்கள் பத்து மணிக்கு வந்தன. நான்தான் வாசித்தேன். கஸ்பார் மூன்றாவது பெயர். அதற்குப் பிறகு வந்த நாலு பெயரை என் காதே கேட்கவில்லை. குரல் மட்டும் வாசித்திருக்கிறது.

ஏழு பெயர் முடிந்து நிமிர்ந்தபோது மரியபுஷ்பம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் முந்தானையின் நுனி என் மடியில் கிடந்தது. நான் சந்தோஷத்தில் நடுங்கிக்கொண்டிருந்தேன். அதே நடுக்கத்தோடு அவளைப் பிடித்துக்கொண்டேன். எதற்காக நடுங்குகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். “ஒங்க ஆளு வந்துட்டாரா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் சரிந்தாள்.

சூசை அண்ணனை எனக்குப் பழக்கமில்லை. ஒரே ஒரு முறை, கஸ்பாரைக் கூப்பிட எங்கள் வாசலுக்கு வந்தபோது, “பாடம் நடக்குதோ? நடக்கட்டும் நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றார்.

டிசம்பர் 10, செவ்வாய்

விமானத்தில் திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து வேனில் ஏழு பேரும் வந்து சேர்ந்தார்கள். கோவில் முன்னால் கூட்டம். நான் பள்ளியில் இருந்தேன். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு.

இறங்கியதும் கஸ்பார் வீட்டுக்குப் போகவில்லையாம். நேராகச் சூசை அண்ணன் வீட்டுக்குப் போய், மரியபுஷ்பத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

ஐந்தரைக்கு வரவில்லை. வருவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. வராந்தாவைப் பெருக்கவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

இன்று நானே போனேன். நாலரை மணிக்கு, தெருவில் எல்லோரும் இருக்கும் நேரத்தில். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிலோமியின் கடைக்குப் பின்னறையில் இருந்தார். இரண்டு உள்ளங்கையும் கயிற்றில் உரிந்து கட்டுப் போட்டிருந்தது. உப்பும் வெயிலும் முகத்தைப் பத்து வயது கூட்டிவிட்டன. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். வேண்டாம் என்றேன். பிலோமி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசல்பக்கம் போனாள்.

“நோட்டு போயிட்டு டீச்சர்” என்றார் முதலில்.

“போகட்டும்.”

பிறகு அவராகவே சொன்னார்.

“பக்கத்துல போன கப்பல்காரன் வயர்லெஸ்ல சொன்னான். நோ லேண்ட்ஃபால்னான். பயலுவ சந்தோசத்துல கத்துனானுவ. புயல் இல்லன்னு நெனச்சுட்டானுவ. எனக்கு வெளங்கிட்டு. கரைக்குப் போகலேன்னா நம்மகிட்டதான வரும். ஒடனே தெக்க திருப்புனேன். மூட்டையத் தள்ளச் சொன்னேன். அரை நாள் கெடச்சுது. அந்த அரை நாள் இல்லன்னா ஒருத்தனும் இல்ல.”

கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

“தள்ளச் சொன்னது நான்தான். சூசை அண்ணன சமையக்கட்டுலயே இருக்கச் சொல்லிருக்கணும். நானும் தள்ளுதேன்னு வந்தாவ. ஒரு அலதான். மூட்டையோட போயிட்டாவ. அது எப்படி டீச்சர், சரியா வெளங்குனதுக்கும் ஒரு ஆளு போகணுமா?”

அவர் கட்டிலருகில் போய் நின்றேன்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்றேன். “அப்பாட்ட பேச வாங்க.”

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்பதுபோல. “இப்ப என்கிட்ட தோணி இல்ல. கையில வேல இல்ல. அந்த அம்மா மொகத்தப் பாக்க முடியல. இப்படி ஒருத்தன் வந்து என்ன பேச?”

“நான் பேசுதேன்.”

“கடலுக்குத் திரும்பப் போவேன் டீச்சர். இன்னைக்கு இல்லன்னாலும் போவேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. நீங்க ஆகாதுன்னு சொன்னது சரிதான்.”

“ஆகாதுன்னு சொல்லிட்டு என்ன செஞ்சேன்னு பிலோமிகிட்ட கேளுங்க. பன்னெண்டு நாள் உக்காந்திருந்தேன். யாருன்னு கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியாம உக்காந்திருந்தேன். இனிமே உக்காந்தா பதிலோடயாவது உக்காருவேன்.”

இவ்வளவு நேராக நான் யாரிடமும் பேசியதில்லை. காது சுட்டது. அவர் கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சூசை அண்ணனுக்காகவும் இருக்கும், எல்லாவற்றுக்காகவும் இருக்கும். தொடலாமா என்று தெரியாமல் முதலில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவர் மணிக்கட்டில், கட்டு இல்லாத இடத்தில், கை வைத்தேன். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

பள்ளிக்குப் போகுமுன் மரியபுஷ்பத்தின் வீட்டில் இட்லி கொடுத்துவிட்டுப் போனேன். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

மாலையில் அப்பாவுக்குச் சோறு வைத்து, எதிரில் உட்கார்ந்து, குரலை உயர்த்திச் சொன்னேன். அவருக்கு ஒரு காது மந்தம்.

“அப்பா, நான் கஸ்பாரக் கட்டிக்கப் போறேன்.”

அவர் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

“திரும்பக் கடலுக்குப் போவானா?”

“போவாரு.”

“ஒங்கம்மா பட்டதப் பாத்திருக்க.”

“பாத்திருக்கேன்.”

சாப்பிட்டு முடித்தார். தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“ஒரு ஆளக் கடல்ல விட்டுட்டு வந்த தண்டலுக்கு ரெண்டு மாசத்துக்குத் தூக்கம் வராது. கண்ண மூடுனா அந்த ஆளு கூப்பிடுவான். எனக்கு வந்திருக்கு. ஒங்கம்மாட்டகூட சொல்லல. அவன்ட்ட நாளைக்கு வரச் சொல்லு. எங்கூட உக்காரட்டும்.”

அப்பாவுக்கும் அப்படி ஒருவர் இருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யார் என்று கேட்டேன். பெயர் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி முப்பது வருஷம் இருக்கும் போல; இரண்டு முறை முயன்றுதான் முழுதாக வந்தது.